அறுபது ஆகாதவருக்கு அறுபதாம் கல்யாணம்

பிலவ வருஷம், ஆடி 3, சனி

அவர் வந்து ஒரு மாதம் ஆகப் போகிறது. தெருவில் வேடிக்கை இன்னும் ஓயவில்லை.

காலையில் கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவள் வாசலில் நின்று, "உள்ள இருக்கறது உங்க தம்பியாம்மா?" என்று கேட்டாள். "வீட்டுக்காரர்" என்றேன். அவள் வாயை மூட மறந்து நின்றாள். நான் கோலத்தை முடித்துவிட்டு உள்ளே வந்துவிட்டேன். அவள் இன்னும் நிற்கிறாளோ என்னவோ.

எந்த வரவையும் செலவையும் விவரம் இல்லாமல் எழுதி எனக்குப் பழக்கமில்லை. இதையும் விவரமாகவே எழுதி வைக்கிறேன். அவர் பெயர் நாறும்பூநாதன். வானத்துக்குப் போனபோது அவருக்கு முப்பத்தெட்டு வயது, எனக்கு முப்பத்துநாலு, மகள் வடிவுக்குப் பதினொன்று. ஒளியை முந்திக்கொண்டு போகிற கப்பல், மூன்றே வருஷத்தில் திரும்பிவிடுவார் என்று அனந்தவெளி நிறுவனத்தார் பாளையங்கோட்டை வரை வந்து, என் கையால் காபி வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னார்கள். அவர் போய் நாலு மாதத்தில் இன்னொரு கூட்டம் வந்தது. ஒளியை முந்தும் இயந்திரம் நடுவழியில் பழுதாகிவிட்டதாம். இனி சாதாரண இயந்திரத்தில் ஒளிக்கு ஒரு சாண் பின்னால்தான் ஓட முடியுமாம். அப்படி ஓடினால் கப்பலுக்குள் காலம் மெல்ல நகருமாம். அவருக்கு மூன்று வருஷம், எங்களுக்கு இருபத்திரண்டு. அந்தக் கூட்டத்துக்கும் காபி கொடுத்தேன். வளர்ந்த விதம் அப்படி.

விபத்து என்றார்கள். விபத்தை யார் என்ன செய்ய முடியும்? ஈசுவரன் சித்தம் என்று நான் விளக்கேற்றிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

இப்போது எனக்கு ஐம்பத்தாறு. அவருக்கு நாற்பத்தொன்று. காதோரம் நாலு முடி நரைத்திருக்கிறது, அதைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து வருத்தப்படுகிறார். போய் என்ன கொண்டு வந்தார்கள் என்று கேட்டேன். பத்துப் பெட்டி கல்லாம். தாமிரபரணியில் இல்லாத கல்லா?

சாயங்காலம் மதினி வந்தாள். அவருடைய அக்கா, பகவதி. காலைக் கழுவுவதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

"ஏ உலகு, ஆவணியில தம்பிக்கு அறுபது முடியுது. அறுபதாம் கல்யாணத்த நல்லாப் பண்ணிருவோம்."

"அவருக்கு நாப்பத்தொண்ணுல்லா மதினி."

"யாரு சொன்னா? நான் இடுப்புல தூக்கி வளத்தவ. பிலவ வருஷம் பொறந்தான். அறுபது வருஷமும் ஒரு சுத்து சுத்தி, அந்தா பிலவ திரும்பி வந்துட்டு. பஞ்சாங்கம் பொய் சொல்லுமா?"

"மூஞ்சி வேற சொல்லுதே."

"மூஞ்சிய யாரு கேட்டா? நீ மணையில உக்காரு. அவன் தாலி கட்டுவான். நாங்க ரெண்டு பேரு தலையிலயும் தண்ணி ஊத்துவோம். அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம். உட்காருவதா வேண்டாமா என்று நான் இன்னும் சொல்லவில்லை. நாற்பத்தொரு வயதுக்காரர் பக்கத்தில் இந்த முட்டியை மடக்கி, மாலையும் கழுத்துமாக நான் உட்கார்ந்தால், பையனுக்கு நடக்கிற உபநயனத்துக்கு வந்துவிட்டோமோ என்று பந்திக்காரர்களுக்குச் சந்தேகம் வரும். அம்மனிடம் கேட்க வேண்டும்.

ஆடி 5, திங்கள்

எரிவாயு மாற்றினேன். முன்னைவிட நாலு நாள் முன்னதாகத் தீர்ந்துவிட்டது. ஒருத்தர் கூடியதால்.

ஆடி 9, வெள்ளி

ஆடி வெள்ளி. அம்மனுக்கு மஞ்சள் அரைத்துக் கொடுத்தேன். அவரும் கூட வந்தார். பிரகாரத்தில் என் பின்னால் வராமல் பக்கத்தில் வந்தார். இரண்டு கிழவிகள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டதைப் பார்த்தேன். நான் நடையை மாற்றவில்லை.

வடிவு மதுரையிலிருந்து வந்திருக்கிறாள். மாட்டாஸ்பத்திரியில் அவள் பெரிய டாக்டர். முப்பத்துமூன்று வயது. ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுக்குள் வந்தவளை வாசலிலேயே நிறுத்தி, "இவ்வளவு நேரம் எங்க சுத்திட்டு வார? சொல்லிட்டுப் போகணும்னு தெரியாதா?" என்று அதட்டினார். அவள் கையில் பக்கத்துத் தெருப் பசு ஒன்றுக்குப் பிரசவம் பார்த்த மணம் இன்னும் போகவில்லை. அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "யாரும்மா இவரு, புது வாட்ச்மேனா?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. பிறகு அவளே, "சும்மாப்பா, வாங்க சாப்பிடலாம்" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனாள். அப்பா என்று கூப்பிடுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் அவள் ஒரு மூச்சு எடுத்துக்கொள்வதை நான் மட்டும்தான் கவனிக்கிறேன்.

ஆடி 11, ஞாயிறு

நாள் முழுக்கத் தொலைக்காட்சி. அவருக்குப் பிடித்தது வான்கப்பல் தொடர்கள். வானத்துக்குப் போய் வந்தவருக்கு வானத்தைப் பற்றிய கதை என்னத்துக்கு என்று தெரியவில்லை.

நானும் துணி மடித்துக்கொண்டே இரண்டு பார்த்தேன். எல்லாம் ஒரே வார்ப்பு. கதாநாயகன் ஒரு பொத்தானை அழுத்துகிறான். வெளியே நட்சத்திரங்கள் கோடு கோடாக நீளுகின்றன. ஒளியைத் தாண்டிவிட்டான். அண்டத்தின் அந்தக் கோடியில் ஒரு சண்டை, இந்தக் கோடியில் ஒரு காதல், சாப்பாடு ஆறுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுகிறான். அவன் பெண்டாட்டிக்கு ஒரு முடி நரைக்கவில்லை. அவன் அம்மா படுக்கையில் விழவில்லை. எழுதுகிறவனுக்கு என்ன, பொத்தானை அழுத்தினான் என்று ஒரு வரி எழுதிவிட்டால் காலத்துக்குப் பதில் சொல்ல வேண்டாம். சமையலில் இப்படி ஒரு பொத்தான் இருந்தால் நானும் அண்டத்தைச் சுற்றுவேன்.

அவர் போன புதிதில் மாவட்ட நூலகத்தில் இதைப் பற்றி எத்தனையோ எடுத்துப் படித்தேன். பத்தாம் வகுப்போடு நின்றவளுக்கு மூன்றாம் தடவைதான் புரிந்தது. ஒளியை ஒன்றும் முந்தாது; அதை நெருங்க நெருங்க, ஓடுகிறவனுக்குக் காலம் குறையும், நிற்கிறவளுக்குக் குறையாது. புரிந்த அன்றைக்குப் புத்தகத்தை மூடிக் கொடுத்துவிட்டு வந்து மாவு அரைத்தேன். முந்தும் என்று இயந்திரம் செய்தவர்களுக்கு என்னைவிட அதிகம் தெரிந்திருக்கும், ஏதோ வழி கண்டுபிடித்திருப்பார்கள், பாவம் பழுதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

"இந்தா பாரு உலகு, இந்தக் கப்பல் எங்க கப்பல் மாதிரியே இருக்கு" என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். கொப்பரைக்கு வால் முளைத்தது போலிருந்தது.

ஆடி 14, புதன்

சிவன் கோவில் குருக்களையும் நிறுவனத்தின் தீர்த்தகிரியையும் மதினி ஒரே நேரத்தில் வரவழைத்துவிட்டாள். தீர்த்தகிரி சென்னைப் பையன். யாரைப் பார்த்தாலும் ரயில் உதாரணம் சொல்லுவான். ரயிலுக்குள் ஒரு கடிகாரம், நடைமேடையில் ஒரு கடிகாரம். இருபத்திரண்டு வருஷமாக இதே ரயில்தான், ஆள் மட்டும் மாறுகிறான். இன்றைக்குக் குருக்களிடம் ஓட்டினான்.

குருக்கள் பொறுமையாகக் கேட்டார். "ரயில் கிடக்கட்டும். இவர் பிறந்த வருஷம் வந்துடுத்தா? வந்துடுத்து. மாசம், நட்சத்திரம் வர்றதா? வர்றது. பூமி சுத்தினது சுத்தினதுதான். சாஸ்திரத்துக்கு அது போதும்."

"அப்ப பண்ணலாம்" என்று மதினி தொடையில் தட்டினாள். வருஷத்துக்கு ஒன்றாக அறுபது கலசம் வைக்க வேண்டும் என்று அங்கேயே தீர்மானித்தாள். வாழ்ந்த அறுபது வருஷத்துக்கும் சேர்த்து அந்தத் தண்ணீர்.

தீர்த்தகிரி குனிந்து என்னிடம், "மேடம், செலவெல்லாம் கம்பெனி பாத்துக்கும். நாங்க படம் மட்டும் எடுத்துக்கறோம்" என்றான்.

"படம் என்னத்துக்கு?"

"அடுத்த கப்பல் ரெடி ஆகுது. ஆள் ரெடி. ஆனா குடும்பம் கையெழுத்துப் போடணும்ல, அங்கதான் நிக்குது. ஒய்ஃப்ஸ் எல்லாம் பயப்படறாங்க. உங்க ரெண்டு பேரையும் மாலையோட பாத்தா தைரியம் வரும். காத்திருந்தா கிடைக்கும்னு ஒரு மெசேஜ்."

எது கிடைக்கும் என்கிறான் என்று கேட்டிருக்கலாம். காபி ஆறிவிடும் என்று விட்டுவிட்டேன்.

அவர்கள் போனபின் அவர் வந்து என் எதிரில் உட்கார்ந்தார். "உனக்கு இஷ்டமில்லன்னா வேண்டாம்" என்றார். இத்தனை வருஷத்தில் இஷ்டம் என்ற வார்த்தையை என்னிடம் யாரும் சொன்னதில்லை. "பாப்போம்" என்றேன்.

வடிவு தலைக்குச் சாயம் வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறாள். நான் கேட்கவில்லை.

ஆடி 16, வெள்ளி

சாயம் பரவாயில்லை. நெற்றியில் மட்டும் கொஞ்சம் ஒட்டிவிட்டது.

ஆடி 18, ஞாயிறு

பதினெட்டாம் பெருக்கு. ஆற்றில் நல்ல தண்ணீர். கலந்த சாதம் ஐந்து வகை கட்டி எடுத்துக்கொண்டு போனோம். மதினி புளியோதரையைக் குறை சொல்லிக்கொண்டே மூன்று தடவை வாங்கினாள்.

படித்துறையில் பெண்கள் தாலிக்கயிறு மாற்றிக்கொள்கிற நாள். வருஷா வருஷம் நான் ஒரு மூலையில் திரும்பி நின்று நானே மாற்றிக்கொள்வேன். எனக்குக் கட்டிவிட வயதான சுமங்கலிகள் யாரும் முன்வர மாட்டார்கள். இவள் எந்தக் கணக்கில் சேர்த்தி என்று அவர்களுக்குச் சந்தேகம். சந்தேகப்படுகிறவர்கள் கை என் கழுத்தில் படாமலிருப்பதே நல்லது.

இன்று முடிச்சு சரியாக விழவில்லை. அவர் பின்னால் வந்து, "கொண்டா" என்று கயிற்றை வாங்கி முடிச்சுப் போட்டார். கப்பலில் கற்ற முடிச்சாம், அவிழாதாம். பெருமை. ஆனால் கழுத்தில் உறுத்தவில்லை.

மதினியிடம் சொல்லிவிட்டேன், மணையில் உட்காருகிறேன் என்று. அவள் ஆற்றங்கரையிலேயே குலவையிட்டாள். மானம் போயிற்று.

ஆடி 25, ஞாயிறு

தீர்த்தகிரி இரண்டு கேமராக்காரர்களோடு வந்தான். கூடத்தில் என் தையல் மிஷினை எடுத்து மூலையில் போட்டுவிட்டு, அவரை நாற்காலியில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டான். நான் உள்ளே காபி கலந்துகொண்டிருந்தேன்.

"சார், திரும்பி வந்ததும் அறுபதாம் கல்யாணம். இப்படி ஒரு சர்ப்ரைஸ் எதிர்பார்த்தீங்களா?"

அவர் சிரித்தார். கேமரா முன்னால் வருகிற அந்தப் பெரிய சிரிப்பு. "சர்ப்ரைஸா? போறதுக்கு முந்தியே கணக்குப் போட்டுட்டோம்லா. ஏவுதளத்துல கடைசி வாரம் வேல இல்ல. திரும்பி வரும்போது யாருக்கு என்ன விசேஷம் விழுதுன்னு ஏழு பேரும் உக்காந்து பாத்தோம். ஒருத்தனுக்குப் பேத்தி கல்யாணம் விழுந்துச்சு. எனக்கு அறுபதாம் கல்யாணம். பயலுவ அன்னைக்கே கையத் தட்டிட்டானுவ."

தீர்த்தகிரி, "சூப்பர் சார், இதை அப்படியே வெச்சுக்கலாம்" என்றான்.

நான் தட்டை எடுத்துக்கொண்டு போனேன். எல்லோருக்கும் கொடுத்தேன். ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

மூன்று வருஷத்தில் வருகிற கப்பலில் போகிறவருக்குத் திரும்பும்போது நாற்பத்தொன்று. அவருக்கு எப்படி அறுபதாம் கல்யாணம் விழும்? போவதற்கு முந்தியே விழுந்திருக்கிறது. அப்படியானால் இருபத்திரண்டு என்று போவதற்கு முந்தியே தெரியும். பழுது நடுவழியில் வரவில்லை.

ராத்திரிப் பதிகம் படிக்க உட்கார்ந்தேன். இரண்டு பாட்டுக்கு மேல் ஓடவில்லை. அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

ஆடி 26, திங்கள்

அரிசியில் வண்டு. வெயிலில் காயவைத்துப் புடைத்தேன்.

ஆடி 27, செவ்வாய்

மத்தியானம் அவருடைய பட்டு வேட்டியை மடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் கல்யாணத்து வேட்டி. இப்போதும் இடுப்புக்குச் சரியாக இருக்கிறது அவருக்கு. என் கல்யாண ரவிக்கையில் என் ஒரு கைதான் போகும்.

கேட்டுவிட்டேன். "போறதுக்கு முந்தியே அறுபதாம் கல்யாணம் எப்படிக் கணக்குல விழுந்துச்சு?"

முதலில் விளங்காதவர் போலப் பார்த்தார். பிறகு விளங்கிவிட்டது. தொலைக்காட்சியை அணைத்தார். அதுவரை அவர் தானாக அதை அணைத்து நான் பார்த்ததில்லை.

"சோதனை ஓட்டத்துலயே தெரிஞ்சு போச்சு உலகு. அது ஓடாது. ஒளிய முந்துற இயந்திரம்னு ஒண்ணு வெளியிலதான் இருந்துச்சு. உள்ள வெறும் பெட்டி."

"எத்தன பேருக்குத் தெரியும்?"

"போன ஏழு பேருக்கும். நிறுவனத்துல மேல உள்ளவங்களுக்கும்."

"எனக்கு?"

"உனக்குச் சொன்னா விட்டிருப்பியா?"

"விட்டிருக்க மாட்டேன்."

"அதான்" என்றார். அதான். இருபத்திரண்டு வருஷத்துக்கு இரண்டரை எழுத்துப் பதில்.

பிறகு, "எனக்கு மூணு வருஷம்தான தெரிஞ்சுச்சு. கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள போயிட்டு. உனக்கும் அப்படித்தான் போயிரும்னு நெனச்சேன்" என்றார். ஏவுதளத்தில் இத்தனை படிப்புப் படித்தவர். ஓடுகிறவனுக்குத்தான் குறையும், நிற்கிறவளுக்குக் குறையாது என்பதை மட்டும் அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை போலிருக்கிறது.

"ஒங்கம்மை எட்டு வருஷம் படுக்கையில கெடந்தாவ" என்றேன். "கடைசி வரைக்கும், விபத்துல மாட்டுன புள்ளன்னு சொல்லிச் சொல்லி அழுதாவ. நான் தேத்துனேன். விபத்துன்னு நானும்தான சொன்னேன். ஒங்களுக்காக நான் பொய் சொல்லியிருக்கேன், தெரியாமலே."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தத் தலையில் முடி எவ்வளவு அடர்த்தி.

வேட்டியின் மடிப்பு சரியாக வரவில்லை. மூன்று தடவை பிரித்து மடித்தேன். பழைய பட்டு அப்படித்தான் வழுக்கும்.

ஆவணி 2, திங்கள்

மதினிக்கு விஷயம் தெரியாது. பத்திரிகை அடித்தாயிற்று, சமையல்காரருக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. மணையில் உட்காருவேன் என்று சொன்ன வாய் என்னுடையது. இல்லை என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. மறுபடி உட்காருகிறேன் என்றும் சொல்லவில்லை.

இன்று தீர்த்தகிரி ஒரு பெண்ணை அழைத்து வந்தான். பூவிழி என்று பெயர். இருபத்தாறு, இருபத்தேழு இருக்கும். இடுப்பில் ஒரு வயதுப் பெண் குழந்தை. அவள் புருஷன் அடுத்த கப்பலுக்குத் தேர்வாகியிருக்கிறானாம். "மேடத்தோட கொஞ்சம் பேசிட்டு இருங்க, உங்களுக்கே தைரியம் வரும்" என்று சொல்லிவிட்டு அவன் அவரோடு மாடிக்குப் போனான்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். "அக்கா, இந்தத் தடவை புது எஞ்சினாம். நிஜமாவே ஒளியை முந்திடுமாம். மூணு வருஷம்தானாம். நீங்க சொல்லுங்க, போட்டுடலாமா கையெழுத்து?"

குழந்தை என் வளையலைப் பிடித்து இழுத்தது. அதற்கு மேல்வரிசையில் இரண்டு பல். வடிவுக்கும் முதலில் மேல்பல்தான் முளைத்தது, மாமனுக்கு ஆகாது என்றார்கள்.

"கல்யாணத்துக்கு வா" என்றேன். "ஒன் வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வா. அதுவரைக்கும் எதுலயும் கையெழுத்துப் போடாத."

மாடியிலிருந்து இறங்கி வரும்போது தீர்த்தகிரி சொன்னது காதில் விழுந்தது. "அனுபவம் இருக்கறவர் நீங்க சார். இந்தக் கப்பலுக்கும் நீங்கதான் மூத்தவரா வரணும்."

அவர் சொன்னது: "கல்யாணம் முடியட்டும். முடிஞ்சதும் பதில் சொல்லுதேன்."

மறுபடியும் போகலாம் என்று யோசிக்கிறார். இந்தத் தடவை இன்னும் தூரமாம், முப்பது வருஷமாவது ஆகும். நான் இருக்க மாட்டேன். அவருக்கு அப்போது நாற்பத்தைந்து இருக்கும். தண்ணீரை ஊற்றி, தாலியைக் கட்டி, கடமை முடிந்தது என்று கைகழுவிவிட்டு ஏறிவிடலாம் என்று கணக்கு. இங்கே அவருக்கும் ஒன்றும் ஒட்டவில்லைதான். பேருந்தில் சீட்டு வாங்கத் தெரியவில்லை, பழைய சிநேகிதர்கள் எல்லாம் கிழவர்கள். அதற்கு நான் என்ன செய்ய? நான் ஒன்றும் ஓடிப்போகவில்லை.

ஆவணி 5, வியாழன்

விரதம். ஒருவேளை சாப்பாடு. அவருக்குத் தோசை ஊற்றித் தட்டை வைத்துவிட்டு அடுக்களைக்கு வந்துவிட்டேன்.

ஆவணி 12, வியாழன்

விடிவதற்கு முன்னால் எழுந்து தலைக்கு ஊற்றிக்கொண்டேன். அரக்குப் பட்டு உடுத்திக்கொண்டேன். வடிவு பூ வைத்துவிட்டாள். அம்மன் படத்துக்கு முன்னால் நின்று ஒன்றே ஒன்று கேட்டேன்: கோபத்தில் குரல் உயரக் கூடாது. கேட்டதைக் கொடுத்தாள்.

கோவில் மண்டபத்தில் நல்ல கூட்டம். அறுபது கலசமும் வரிசை வரிசையாக நூல் சுற்றி, மாவிலை வைத்து, தேங்காய் வைத்துப் பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது. கேமரா மூன்று. தூணோரம் பூவிழி, பக்கத்தில் அவள் புருஷன், மடியில் குழந்தை.

அவர் மாலையோடு மணையில் உட்கார்ந்துவிட்டார். குருக்கள் என்னைப் பார்த்து, "அம்மா, வாங்கோ, வலப்பக்கம் உக்காருங்கோ" என்றார்.

நான் மணைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். உட்காரவில்லை.

"சாமி, ஒரு சந்தேகம். இந்தக் கலசம் எல்லாம் வாழ்ந்த வருஷத்துக்குத்தான?"

"ஆமா, அறுபது வருஷத் தேவதைகள்."

"இதுல தாரண வருஷம் எது?"

குருக்கள் காட்டினார்.

"அந்த வருஷம் எங்க அத்தை படுக்கையில விழுந்தாவ. நந்தன எது? அந்த வருஷம் போய்ச் சேந்தாவ. கொள்ளி வைக்க மகன் இல்ல. ஜய வருஷம் வடிவு கல்யாணம். தாரை வாக்க எங்க அண்ணன் உக்காந்தாவ. இந்தத் தண்ணியெல்லாம் இவரு தலையில எப்படிச் சேரும்? இவரு வாழ்ந்தது நாப்பத்தொண்ணு. பத்தொம்பது கலசம் கூட இருக்கு."

மதினி முன்னால் வந்து என் கையைப் பிடித்தாள். "ஏளா, கிறுக்குப் பிடிச்சிருக்கா? எல்லாரும் பாக்காவ. விபத்துக்கு அவன் என்ன செய்வான்?"

"விபத்து இல்ல மதினி. போகும்போதே தெரியும் ஒங்க தம்பிக்கு. இருபத்திரண்டு வருஷம்னு தெரிஞ்சுதான் போனாவ. கேட்டுக்கோங்க."

மதினி அவரைப் பார்த்தாள். அவர் இல்லை என்று சொல்லவில்லை. அவள் என் கையை விட்டுவிட்டாள். தம்பி என்றால் உயிரை விடுகிறவள், அப்படியே கீழே உட்கார்ந்து, "எங்கம்மை அழுதாளே பாவி" என்றாள்.

தீர்த்தகிரி கேமராக்காரனிடம் கையை ஆட்டினான். நான் அவனைப் பார்த்து, "எடுங்க தம்பி. இதையும் அப்படியே வெச்சுக்கலாம்" என்றேன். பிறகு தூண் பக்கம் திரும்பினேன். "பூவிழி, ஒளிய முந்துற இயந்திரம் அன்னைக்கும் கெடையாது, இன்னைக்கும் கெடையாது. அது தொலைக்காட்சியில மட்டும்தான் ஓடும். ஒன் வீட்டுக்காரருக்குத் தெரியுமான்னு அவருகிட்டயே கேளு."

அவள் கேட்கவில்லை. புருஷன் முகத்தைப் பார்த்தாள், அதுவே போதுமாக இருந்தது. குழந்தையைத் தூக்கி அவன் தோளில் போட்டுவிட்டு, சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பந்தி நடக்கும் பக்கம் போனாள். சாப்பாட்டை வீணாக்காத பெண். எனக்குப் பிடித்தது.

குருக்கள் மெல்ல, "அப்போ கல்யாணம் வேண்டாம்கறேளா?" என்றார்.

"வேண்டாம்னு சொல்லல சாமி. இப்ப வேண்டாங்கேன். மிச்சம் பத்தொம்பது வருஷத்தையும் இவரு வாழட்டும். தரையில இருந்து, எல்லாரையும் போல, ஒவ்வொரு நாளா. அப்ப இவருக்கு மெய்யா அறுபது. எனக்கு எழுபத்தஞ்சு. உயிரு இருந்தா வந்து உக்காருதேன். இல்ல மேலதான் போகணும்னா இப்பவே போகட்டும். மாலைய மட்டும் கழட்டி வெச்சிட்டுப் போகட்டும்."

அவரைப் பார்த்துச் சொல்லவில்லை. குருக்களைப் பார்த்துத்தான் சொன்னேன். அவர் மணையிலேயே இருந்தார், அதட்டப்பட்ட பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல. நாற்பத்தொரு வயதுக்கு அந்த முகம் சின்னதுதான்.

ஹோமத்தை ஆயுள் விருத்திக்கு என்று மாற்றிச் செய்துவிட்டுக் கலசத் தண்ணீரை நந்திக்கு ஊற்றச் சொன்னேன். சாப்பாட்டில் குறையில்லை. பாயசம் கொஞ்சம் இனிப்பு அதிகம்.

ஆவணி 13, வெள்ளி

பட்டுப் புடவையை நிழலில் உலர்த்தி எடுத்து வைத்தேன். அவர் கூடத்தில் படுத்திருந்தார். தொலைக்காட்சி ஓடவில்லை.

ஆவணி 14, சனி

வடிவு ஊருக்குப் போனாள். போகும்போது என்னைக் கட்டிப் பிடித்து, "எம்மா, பத்தொம்பது வருஷம் கூடுதல் தண்டனைன்னு எங்க ஆஸ்பத்திரியில எல்லாரும் போன் போட்டுச் சொல்லுதாவ" என்றாள். யாருக்குத் தண்டனை என்று கேட்டேன். சிரித்தாள்.

ஆவணி 17, செவ்வாய்

காலை பதினொரு மணிக்கு நிறுவனத்தின் வண்டி வந்தது. இன்றைக்குள் பதில் சொல்ல வேண்டும், வருவதானால் பெட்டியோடு ஏறச் சொன்னார்கள் என்று ஓட்டுநர் சொன்னான். அவருடைய பெட்டி கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது, வந்த நாளிலிருந்து முழுதாகப் பிரிக்கவில்லை. நானே இழுத்து வாசலில் வைத்தேன். தடுத்தேன் என்று யாரும் சொல்லக் கூடாது.

ஆளைக் காணோம். மாடிக்குப் போனேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கித் தேய்த்துக்கொண்டிருந்தார். தொட்டியைக் கழுவச் சொல்லி நான் சொல்லவில்லை.

"வண்டி வந்திருக்கு" என்றேன்.

"போகச் சொல்லிரு."

"நெசமாவா?"

"இந்தப் பாசி போகவே மாட்டேங்குது உலகு" என்றார். தலையைத் தூக்கவில்லை. தொட்டிக்குள் குரல் கும்மென்று கேட்டது.

கீழே வந்து ஓட்டுநரிடம் சொன்னேன். அவன் இரண்டு தடவை கேட்டான், நானும் இரண்டு தடவை சொன்னேன். வண்டி தெருமுனை திரும்பும் வரை நின்றேன். எதிர்வீட்டுக்காரி பார்த்துக்கொண்டிருந்தாள், பார்க்கட்டும்.

மறுபடி மாடிக்குப் போனேன். அவர் பாசியைத் தேய்க்கவில்லை, இடம் மாற்றிக்கொண்டிருந்தார். நட்சத்திரத்துக்குப் போய் வந்த கைக்குத் தேங்காய்நாரைப் பிடிக்கத் தெரியவில்லை. வட்டமாகத் தேய்க்கக் கூடாது, மேலிருந்து கீழே இழுக்க வேண்டும் என்று வெளியிலிருந்தே கத்திக் கத்திச் சொன்னேன். ஒரு தடவை சொன்னால் ஏறாத மண்டை. வெயில் வேறு. கடைசியில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நானும் இறங்க வேண்டியதாயிற்று.

மத்தியானம் வெறும் ரசம்தான் வைத்தேன். அதற்கு மேல் செய்ய மனசில்லை. அப்பளம் மட்டும் இரண்டு கூடப் பொரித்தேன். எண்ணெய் காய்ந்துவிட்டது, வீணாக வேண்டாமே என்று.